தண்டர்பேர்ட்: அஞ்சல் பெட்டியை நம் வசப்படுத்துவோம்

இமெயில் பார்க்க வேண்டும் என்றால் இன்று பெரும்பாலானவர்கள் பிரவுசரைத் திறந்து ஜிமெயில் தளத்திற்குச் செல்கின்றனர். அல்லது மொபைல் போனைக் கையில் எடுக்கின்றனர். கம்ப்யூட்டரில் பதிந்து வைத்து இயக்கும் இமெயில் கிளையண்ட் புரோகிராம் என்று ஒன்று இருப்பதே பலருக்கு மறந்துவிட்டது. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்று சொன்னால், "அது எக்ஸ்பியோடு போய்விட்டதே, சார்" என்கிறார்கள். போனது உண்மைதான். 1997ல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 உடன் வந்த அந்த புரோகிராம், விஸ்டாவில் விண்டோஸ் மெயில் ஆனது. பின்னர் விண்டோஸ் லைவ் மெயில் வந்தது. அடுத்து விண்டோஸ் 10ல் மெயில் என்ற பெயரில் ஒன்று வந்து, அதற்கான ஆதரவும் 2024 டிசம்பர் 31 உடன் முடிந்து போனது. அதன் இடத்தில் மைக்ரோசாப்ட் தரும் புதிய அவுட்லுக், நாம் ஜிமெயில் அக்கவுண்ட்டை இணைத்தாலும் மைக்ரோசாப்ட் கிளவுட் வழியாகவே அஞ்சல்களைக் கொண்டு வருகிறது. அது வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் மோஸில்லாவின் தண்டர்பேர்ட்.

தண்டர்பேர்ட் 1.0 வெளியானது 2004 டிசம்பரில். 2012ல் மோஸில்லா இதற்கான உழைப்பைக் குறைத்துக் கொள்வதாக அறிவித்தபோது, இதுவும் போய்ச் சேர்ந்துவிடும் என்றுதான் எல்லாரும் பேசினார்கள். போகவில்லை. பயன்படுத்துவோர் தரும் நன்கொடையில் பிழைத்து, 2020ல் மோஸில்லா அறக்கட்டளையின் கீழ் தனி நிறுவனமாகி, 2023 ஜூலையில் வந்த 115 ஆம் பதிப்பில் முகத்தையே மாற்றிக் கொண்டது. 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்ட் போனுக்கும் வந்துவிட்டது. கட்டணம் எதுவும் இல்லை. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு 115 தான் கடைசிப் பதிப்பு. அதற்கு மேல் விண்டோஸ் 10 வேண்டும்.

புரோகிராமை இறக்கிப் பதிவதைப் பற்றி நான் இங்கு எழுதப் போவதில்லை. பெயர், இமெயில் முகவரி, பாஸ்வேர்ட் கொடுத்தால் சர்வர் விபரங்களை அதுவே தேடிக் கண்டுபிடித்துக் கொள்ளும். ஜிமெயில் என்றால் கூகுளின் லாக் இன் பக்கம் ஒரு சிறிய விண்டோவில் திறக்கும். அதில் அனுமதி தர வேண்டும். 2022 மே மாத இறுதியுடன், வெறும் பாஸ்வேர்டைக் கொண்டு வெளி புரோகிராம்கள் நுழைவதை கூகுள் நிறுத்திவிட்டதால்தான் இந்த ஏற்பாடு. "பழைய புரோகிராமில் பாஸ்வேர்ட் சரியாகத்தான் தருகிறேன், ஏற்க மறுக்கிறது" என்பவர்களுக்கும் இதுவே பதில்.

முதல் வேலை மெனு பார்:

புதிய பதிப்பைத் திறந்தவுடன் பழைய பயனாளர்கள் திகைத்து நிற்பது ஒரு காரணத்தினால்தான். பைல், எடிட், வியூ, டூல்ஸ் என்ற மெனு வரிசையே இருக்காது. ஆல்ட் கீயை ஒருமுறை தட்டுங்கள், வரிசை தோன்றும். அதில் வியூ, டூல்பார்ஸ், மெனு பார் என்று சென்று டிக் செய்துவிட்டால் நிரந்தரமாக நிற்கும். கீழே நான் குறிப்பிடும் பல வழிகள் இந்த மெனு வழியாகத்தான் செல்கின்றன. எனவே இதை முதலில் செய்து கொள்ளவும்.

அடுத்து கண்ணுக்கு வசதி. வலது மேல் மூலையில் மூன்று கோடுகளுடன் உள்ள பட்டனை அழுத்தினால் டென்சிட்டி, பான்ட் சைஸ் என்ற இரண்டு பிரிவுகள் கிடைக்கும். வயதானவர்கள் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் டென்சிட்டியை ரிலாக்ஸ்ட் என்று வைத்து, எழுத்தின் அளவை இரண்டு படி கூட்டுங்கள். வியூ மெனுவில் லே அவுட் பிரிவில் வெர்டிகல் வியூ உள்ளது. இன்றைய அகலமான மானிட்டர்களுக்கு இதுதான் பொருத்தம். இடது பக்கம் போல்டர்கள், நடுவில் அஞ்சல் பட்டியல், வலது பக்கம் கடிதம். பழைய சதுர மானிட்டர் என்றால் கிளாசிக் வியூ போதும். எஃப்8 கீயை அழுத்தினால் கடிதம் காட்டும் பகுதி மறையும். மீண்டும் அழுத்தினால் வரும்.

அஞ்சல் பட்டியல் இப்போது கார்ட்ஸ் வியூ என்ற தோற்றத்தில் வருகிறது. எனக்கு இது பிடிக்கவில்லை. ஒரு திரையில் பாதி அஞ்சல்கள்தான் தெரிகின்றன. பட்டியலின் மேலே உள்ள டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸ் பட்டனில் டேபிள் வியூ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழையபடி நெடுவரிசைகள் வந்துவிடும். அதில் சைஸ் என்ற நெடுவரிசையையும் சேர்த்துக் கொள்ளுங்கள். இடத்தை அடைத்துக் கொண்டிருக்கும் பெரிய அஞ்சல்களைக் கண்டுபிடிக்க அதன் தலைப்பில் ஒரு கிளிக் போதும்.

ஐமேப்பா, பாப்பா?

வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஐமேப் முறையில் அஞ்சல் சர்வரிலேயே இருக்கும். உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது அதன் பிரதி. இங்கு அழித்தால் அங்கும் அழியும். பாப் முறையில் அஞ்சலை சர்வரிலிருந்து இறக்கி வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுகிறோம். போன், லேப்டாப் என்று இரண்டு மூன்று இடங்களில் அஞ்சல் பார்ப்பவர்கள் ஐமேப் வைத்துக் கொள்ளவும். ஒரே கம்ப்யூட்டர், எல்லாம் என்னிடமே இருக்க வேண்டும் என்பவர்கள் பாப் வைத்துக் கொள்ளலாம். பாப் வைப்பவர்கள் அக்கவுண்ட் செட்டிங்ஸ், சர்வர் செட்டிங்ஸ் சென்று, லீவ் மெசேஜஸ் ஆன் சர்வர் என்ற வரியையும் அதன் கீழ் எத்தனை நாள் என்று கேட்கும் வரியையும் கட்டாயம் பார்த்துவிட வேண்டும். அங்கு இருக்கும் டிக் அடையாளங்கள்தான் உங்கள் அஞ்சல் சர்வரில் எவ்வளவு காலம் தங்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

இங்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐமேப் என்பது பேக் அப் அல்ல. "என் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது, கூகுளிலும் இருக்கிறது, இரண்டு பிரதி" என்று பலர் நிம்மதியாக இருக்கின்றனர். சர்வரில் அஞ்சல்கள் அழிந்தால், அடுத்த முறை தண்டர்பேர்ட் சர்வரைத் தொடர்பு கொண்டவுடன் இங்கும் அழிந்துவிடும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்ட தனிநபர் அக்கவுண்ட்களை கூகுள் 2023 டிசம்பர் முதல் நீக்கத் தொடங்கியது என்பதையும் நினைவில் கொள்ளவும்.

அழியாமல் இருக்க வேண்டிய அஞ்சல்களுக்கு லோக்கல் போல்டர்ஸ் என்ற பகுதி உள்ளது. போல்டர் பட்டியலின் அடியில் இருக்கும். இதில் வைப்பது எதுவும் எந்த சர்வருக்கும் போகாது. லோக்கல் போல்டர்ஸ் மீது ரைட் கிளிக் செய்து நியூ போல்டர் கொடுத்து, குடும்பம், வீட்டுப் பத்திரங்கள், வங்கி என்று தமிழிலேயே பெயர் கொடுக்கலாம். பின்னர் அஞ்சல்களைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, காப்பி டு வழியாக அந்த போல்டரைக் காட்டவும்.

ஜிமெயில் நிரம்பிவிட்டதா?

ஜிமெயில், டிரைவ் இரண்டுக்கும் சேர்த்து 15 ஜிபி என்று 2013ல் கூகுள் அறிவித்தபோது அது கடல் போலத் தெரிந்தது. 2021 ஜூன் முதல் போட்டோக்களும் அதே கணக்கில் சேர்ந்து கொண்டன. நிரம்பிவிட்டால் புதிய அஞ்சல் உள்ளே வராது, அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வங்கியிலிருந்தோ, பிள்ளை வேலைக்கு விண்ணப்பித்த நிறுவனத்திலிருந்தோ வரும் கடிதம் இப்படித் திரும்பினால் நமக்குத் தகவலே தெரியாது.

தண்டர்பேர்ட் மூலம் இதைச் சரி செய்யலாம். ஆனால் ஜிமெயிலின் குணம் தெரிந்திருக்க வேண்டும். இன்பாக்ஸிலிருந்து ஒரு அஞ்சலை லோக்கல் போல்டருக்கு மூவ் செய்தால், சர்வரில் அது நீங்கிவிட்டது என்று நினைப்போம். வழக்கமான அமைப்பில் ஜிமெயில் அதை ஆல் மெயில் என்ற போல்டரில் அப்படியே வைத்திருக்கும். இடம் ஒரு எம்பி கூடக் குறையாது. சரியான வழி இதுதான். முதலில் காப்பி செய்யவும். லோக்கல் போல்டரில் அஞ்சலும் அட்டாச்மெண்ட்டும் திறக்கின்றனவா என்று நாலைந்தைத் திறந்து பார்க்கவும். அதன் பின் ஜிமெயில் பக்கம் உள்ளதை டெலீட் செய்யவும். அது ஜிமெயிலின் டிராஷ் போல்டருக்குப் போகும். டிராஷ் மீது ரைட் கிளிக் செய்து எம்ட்டி டிராஷ் கொடுக்கவும். அப்போதுதான் இடம் கிடைக்கும். டிராஷைக் காலி செய்யாமல் விட்டால் 30 நாளில் ஜிமெயிலே காலி செய்யும்.

அதே ஆல் மெயில் போல்டர் இன்னொரு தொல்லையும் தரும். இன்பாக்ஸில் உள்ள அதே அஞ்சல் இதிலும் இருப்பதால், தண்டர்பேர்ட் ஒரே கடிதத்தை இரண்டு முறை இறக்கி ஹார்ட் டிஸ்க்கை நிரப்பும். அக்கவுண்ட் பெயரில் ரைட் கிளிக் செய்து சப்ஸ்கிரைப் என்பதைத் தேர்ந்தெடுத்து, வரும் பட்டியலில் ஆல் மெயில் முன் உள்ள டிக்கை எடுத்துவிடவும். சர்வரில் அது இருக்கும்; இங்கு மட்டும் வராது.

பில்டர்கள்:

தபால்காரர் கொண்டு வந்து போடும் கடிதங்களை வீட்டில் ஒருவர் உட்கார்ந்து பிரித்து வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் பில்டர். ஆனால் பலரும் இதை அளவுக்கு மீறிச் செய்கின்றனர். நாற்பது போல்டர்கள், நாற்பது பில்டர்கள். கடைசியில் எந்தக் கடிதம் எங்கே போனது என்று தேடுவதே வேலையாகிவிடும். என்னிடம் மூன்று பில்டர்கள்தான் உள்ளன. விளம்பரமும் செய்திமடல்களும் ஒரு போல்டருக்குப் போகும். வங்கி, மின்சாரம், இன்சூரன்ஸ், வருமான வரி இவற்றிலிருந்து வருபவை இன்பாக்ஸிலேயே இருக்கும். ஆனால் சிவப்பு நிற டேக் விழும். குடும்பத்தினரின் அஞ்சல்கள் லோக்கல் போல்டரில் ஒரு பிரதி போய் விழும்.

அமைப்பது எளிது. அஞ்சலைத் திறந்து, மேலே அனுப்பியவர் முகவரி மீது கிளிக் செய்தால் கிடைக்கும் மெனுவில் கிரியேட் பில்டர் பிரம் என்று ஒரு பிரிவு இருக்கும். முகவரி ஏற்கனவே நிரப்பப்பட்ட விண்டோ திறக்கும். கீழே என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் காப்பி மெசேஜ் டு, மூவ் மெசேஜ் டு, டேக் மெசேஜ் என்று தேர்ந்தெடுக்கலாம். பல முகவரிகளைச் சேர்க்கும்போது மேலே மேட்ச் எனி ஆப் த பாலோயிங் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேட்ச் ஆல் என்று இருந்தால், ஒரே அஞ்சல் ஐந்து பேரிடமிருந்து வர வேண்டும் என்று பொருளாகிவிடும்! ஏற்கனவே வந்து கிடக்கும் அஞ்சல்களுக்கும் பயன்படுத்த, டூல்ஸ் மெனுவில் மெசேஜ் பில்டர்ஸ் சென்று, கீழே போல்டரைத் தேர்ந்தெடுத்து ரன் நவ் அழுத்தவும். இந்த பில்டர்கள் தண்டர்பேர்ட் திறந்திருக்கும்போது மட்டுமே வேலை செய்யும்.

செய்திமடல் போல்டருக்கு இன்னொரு வசதி. போல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ரிடென்ஷன் பாலிசி. இதில் 30 நாட்களுக்கு மேல் பழையவற்றை அழிக்கச் சொல்லலாம். ஸ்டார் போட்டவற்றை மட்டும் வைத்துக் கொள்ளும்படியும் அமைக்கலாம். ஐமேப் அக்கவுண்ட்டில் இப்படி அழிவது சர்வரிலும் அழியும் என்பதால் இன்பாக்ஸில் இதைத் தொடவே வேண்டாம்.

அனுப்பும் முன்:

"இத்துடன் பயோடேட்டா இணைத்துள்ளேன்" என்று எழுதிவிட்டு, இணைக்காமலே அனுப்பிவிடுவது உலக வழக்கம். தண்டர்பேர்ட் இதைக் கவனித்து எச்சரிக்கும். ஆனால் ஆங்கிலப் பதிப்பில் அது தேடுவது ஆங்கிலச் சொற்களை மட்டுமே. செட்டிங்ஸ் சென்று கம்போசிஷன் பிரிவில் செக் பார் மிஸ்ஸிங் அட்டாச்மெண்ட்ஸ் என்ற வரியைப் பாருங்கள். அதன் அருகில் கீவேர்ட்ஸ் பட்டன் இருக்கும். நியூ அழுத்தி இணைப்பு, இணைப்பில், இணைத்துள்ளேன், இணைக்கப்பட்டுள்ளது, அனுப்பியுள்ளேன் என்று நீங்கள் எழுதும் வழக்கப்படி ஒவ்வொன்றாகச் சேர்க்கவும். தமிழில் ஒரு சொல்லே பல வடிவம் எடுக்கும் என்பதால் எல்லா வடிவங்களையும் தருவது நல்லது. அடுத்த முறை தமிழ்க் கடிதம் எழுதும்போதும் கீழே மஞ்சள் பட்டையில் நினைவூட்டல் வரும்.

கோபத்தில் எழுதிய கடிதத்திற்கும் ஒரு வழி உள்ளது. கண்ட்ரோல் + என்டர் அழுத்தினால் உடனே போய்விடும். அதோடு ஷிப்ட் கீயையும் சேர்த்து அழுத்தினால் அவுட்பாக்ஸில் போய்த் தங்கும். மாலையில் ஆற அமரப் படித்துவிட்டு, பைல் மெனுவில் சென்ட் அன்சென்ட் மெசேஜஸ் கொடுக்கலாம். அல்லது அழித்துவிடலாம்.

ஒரே மாதிரி கடிதத்தை மாதா மாதம் அனுப்புபவர்கள், குடியிருப்போர் சங்கச் செயலாளர்கள் போன்றவர்கள், ஒருமுறை எழுதி, பைல், சேவ் அஸ், டெம்ப்ளேட் என்று சேமிக்கவும். டெம்ப்ளேட்ஸ் போல்டரில் அதன் மீது டபுள் கிளிக் செய்தால் புதிய கடிதமாகத் திறக்கும். அசல் அப்படியே இருக்கும்.

தமிழ் எழுத்துகள்:

செட்டிங்ஸில் ஜெனரல் பிரிவில் லாங்வேஜ் அண்ட் அப்பியரன்ஸ் பகுதியில், எழுத்துரு அருகே உள்ள அட்வான்ஸ்ட் பட்டனை அழுத்தவும். மேலே பான்ட்ஸ் பார் என்ற பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்து, நிர்மலா யுஐ அல்லது உங்களுக்குப் பிடித்த யூனிகோட் எழுத்துருவையும் அளவையும் தரவும். இதையே அதர் ரைட்டிங் சிஸ்டம்ஸ் என்ற பிரிவிலும் செய்துவிடவும். ஒன்றில் மட்டும் மாற்றினால் சில கடிதங்களில் பலன் தெரியும், சிலவற்றில் தெரியாது.

2000க்கு முன்பும் பின்பும் சில ஆண்டுகள் வந்த தமிழ்க் கடிதங்களின் கதை வேறு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் குறியீடுகள் பரிந்துரைக்கப்பட்டன. இணையத்தில் திஸ்கி பரவலாக இருந்தது. இவை எல்லாம் ஐரோப்பிய எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவத்தை ஏற்றி வைத்தவை. எனவே அந்தக் கடிதங்கள் இன்று கோணல் மாணலான ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். வியூ மெனுவில் உள்ள ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங் இதற்கு உதவாது. கடித வரிகளை காப்பி செய்து, என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற புரோகிராமில் ஒட்டி, திஸ்கியிலிருந்து யூனிகோடிற்கு மாற்ற வேண்டும். சிரமமான வேலைதான். ஆனால் மாற்றிய பிறகுதான் அவற்றைத் தேட முடியும்.

தேடுவது என்றவுடன் சொல்லிவிடுகிறேன். கண்ட்ரோல் + ஷிப்ட் + கே அழுத்தினால் பட்டியலுக்கு மேல் குயிக் பில்டர் பட்டை திறக்கும். தமிழில் ஒரு சொல்லின் முதல் பாதியைத் தட்டினாலும் அது உள்ள அஞ்சல்கள் மட்டும் நிற்கும். அதே பட்டையில் அட்டாச்மெண்ட் உள்ளவை, படிக்காதவை, நம் முகவரி நூலில் உள்ளவர்களிடமிருந்து வந்தவை என்று வடிகட்டவும் பட்டன்கள் உண்டு. நான் போல்டர்களைக் குறைத்ததற்குக் காரணமே இந்தப் பட்டைதான்.

பழைய கம்ப்யூட்டரில் உள்ள கடிதங்கள்:

என் பெரியப்பா வீட்டில் ஒரு எக்ஸ்பி கம்ப்யூட்டர் பரணில் ஏறத் தயாராக இருந்தது. அதில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ். டயல் அப் இணைப்புடன் கிடைத்த அஞ்சல் பெட்டியில் வந்த கடிதங்கள். பாப் முறையில் இறக்கியவை. அந்த அஞ்சல் பெட்டியே மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. டொராண்டோவில் இருக்கும் அக்காவுக்குப் பெரியம்மா சொல்லச் சொல்லப் பெரியப்பா தட்டி அனுப்பிய கடிதங்கள் எல்லாம் சென்ட் ஐட்டம்ஸில் இருந்தன. பெரியம்மா இப்போது இல்லை. ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டுக் கொண்டிருந்தது. "அதுல ஒண்ணும் இல்லப்பா, பழைய மெயில்தான்" என்றார் பெரியப்பா. சொல்லிவிட்டு, நான் கேபிளை மாட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று கொண்டிருந்தார்.

இதே நிலையில் உள்ளவர்களுக்கு நான் செய்ததை அப்படியே தருகிறேன். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ஒரு போல்டரைத் திறந்து, இருநூறு இருநூறு கடிதங்களாகத் தேர்ந்தெடுத்து, டெஸ்க்டாப்பில் உள்ள ஒரு போல்டருக்குள் மவுஸால் இழுத்துவிட்டால், ஒவ்வொரு கடிதமும் இஎம்எல் என்ற துணைப் பெயருடன் தனி பைலாகப் பதியும். அட்டாச்மெண்ட் அதன் உள்ளேயே இருக்கும். இன்பாக்ஸுக்கு ஒன்று, சென்ட் ஐட்டம்ஸுக்கு ஒன்று என்று தனித்தனி போல்டர்கள் வைத்துக் கொள்ளவும். ஒவ்வொரு முறையும் எத்தனை கடிதங்களைத் தேர்ந்தெடுத்தோம், எத்தனை பைல்கள் வந்தன என்று எண்ணிக்கையைச் சரி பார்க்கவும். "மறு: நலம்" என்று ஒரே தலைப்பில் ஐம்பது கடிதங்கள் இருக்கும் குடும்ப அஞ்சல்களில் இந்தச் சரிபார்ப்பு அவசியம்.

பைல்களை பென் டிரைவில் எடுத்துக் கொண்டு புதிய கம்ப்யூட்டருக்கு வரவும். தண்டர்பேர்டில் டூல்ஸ் மெனுவில் ஆட் ஆன்ஸ் அண்ட் தீம்ஸ் சென்று, இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி என்ற ஆட் ஆன் தொகுப்பைத் தேடிப் பதியவும். பின் லோக்கல் போல்டர்ஸில் ஒரு போல்டர் உருவாக்கி, அதில் ரைட் கிளிக் செய்தால் கிடைக்கும் இந்த ஆட் ஆன் மெனு வழியாக, ஒரு டைரக்டரியில் உள்ள எல்லா இஎம்எல் பைல்களையும் ஒரே மூச்சில் கொண்டு வரலாம். தேதி, அனுப்பியவர், பெறுபவர் எல்லாம் அப்படியே வரும். பென் டிரைவில் உள்ள பிரதியை அழிக்க வேண்டாம். இஎம்எல் என்பது சாதாரண டெக்ஸ்ட் பைல்தான். எந்த அஞ்சல் புரோகிராமும் திறக்கும். பெரியப்பா வீட்டில் 2,100 சொச்சம் கடிதங்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் திஸ்கியில் இருந்தவற்றை மாற்றும் வேலை இன்னும் நடந்து கொண்டிருக்கிறது.

காம்பாக்ட் என்றால் என்ன?

தண்டர்பேர்ட் ஒரு போல்டரில் உள்ள எல்லாக் கடிதங்களையும் ஒரே பைலாகத்தான் வைக்கிறது. நீங்கள் ஒரு கடிதத்தை அழித்தால், அந்த பைலில் "இது அழிக்கப்பட்டது" என்று ஒரு குறி மட்டும் விழும், இடம் குறையாது. நோட்டில் ஒரு வரியைக் கோடு போட்டு அடிப்பது போல. காம்பாக்ட் செய்யும்போதுதான் அடிக்காத வரிகளை மட்டும் புதிய நோட்டில் எழுதி, பழையதைத் தூக்கிப் போடுகிறது. பைல் மெனுவில் காம்பாக்ட் போல்டர்ஸ் என்று இதற்கான பிரிவு உள்ளது. நடந்து கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம். மின்வெட்டு நேரத்திலும் யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

ஒரே பைலில் எல்லாம் இருப்பதால் ஆன்டி வைரஸ் புரோகிராமாலும் ஒரு ஆபத்து உண்டு. ஒரு கடிதத்தில் வைரஸ் இருந்தால், இன்பாக்ஸ் பைலையே தூக்கிக் குவாரண்டைன் செய்துவிடலாம். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பிரிவில், வரும் கடிதங்களைத் தனித்தனியே குவாரண்டைன் செய்ய ஆன்டி வைரஸை அனுமதிக்கும் வரி ஒன்று உள்ளது. அதை டிக் செய்துவிடவும். அதே பக்கத்தில் ரிமோட் கன்டென்ட் என்ற வரியில் டிக் இல்லாமல் இருக்கட்டும். விளம்பர அஞ்சல்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படம் வைத்து, நாம் எப்போது திறந்தோம் என்று அறிவார்கள், அது தடுக்கப்படும்.

போலி வங்கிக் கடிதங்களுக்கு எதிராக இன்னொன்று. செட்டிங்ஸ், ஜெனரல், ரீடிங் அண்ட் டிஸ்ப்ளே பகுதியில், முகவரி நூலில் உள்ளவர்களுக்குப் பெயரை மட்டும் காட்டு என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதன் டிக்கை எடுத்துவிட்டால் எப்போதும் முழு முகவரி தெரியும். வங்கியின் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக் கொள்ளலாம். அட் குறியீட்டுக்குப் பின்னால் வரும் தளப் பெயரைப் பார்த்துப் பழகினால் பெரும்பாலான போலிகள் முதல் பார்வையிலேயே சிக்கிக் கொள்ளும்.

கைக்குப் பழக வேண்டிய சில கீகள்: என் அழுத்தினால் அடுத்த படிக்காத அஞ்சல். ஏ அழுத்தினால் ஆர்க்கைவ்ஸ் போல்டருக்குப் போகும். ஜே ஸ்பாம் என்று குறிக்கும். எஸ் ஸ்டார் போடும். 1 முதல் 5 வரை டேக் நிறங்கள். 0 எல்லா டேக்கையும் நீக்கும். ஒரு விவாதத்தில் உங்களையும் சேர்த்துவிட்டு எல்லாரும் மாறி மாறிப் பதில் எழுதிக் கொண்டிருந்தால், கே அழுத்தவும். அந்தத் தொடர் முழுதும் அமைதியாகிவிடும். கண்ட்ரோல் + ஆர் பதிலுக்கு. ஷிப்ட்டும் சேர்ந்தால் எல்லாருக்கும் பதில். இந்த இரண்டையும் குழப்பிக் கொண்டு வேலையில் சிக்கலுக்கு ஆளானவர்கள் எனக்குத் தெரிந்தே இருவர்.

பேக் அப்:

டூல்ஸ் மெனுவில் எக்ஸ்போர்ட் என்ற பிரிவு உள்ளது. உங்கள் அக்கவுண்ட், அஞ்சல்கள், முகவரி நூல், பில்டர்கள் எல்லாவற்றையும் ஒரு ஜிப் பைலாகத் தரும். ஆனால் 2 ஜிபிக்கு மேல் போனால் இது இயலாது. அப்போது ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் இன்பர்மேஷன் திறந்து, புரொபைல் போல்டர் என்ற வரியில் ஓபன் போல்டர் பட்டனை அழுத்தவும். தண்டர்பேர்டை மூடிவிட்டு, திறந்த அந்த போல்டரை முழுதாக வெளி ஹார்ட் டிஸ்க்கிற்கு காப்பி செய்யவும். உள்ளே மெயில் என்ற போல்டரில்தான் லோக்கல் போல்டர்ஸ் கடிதங்கள் உள்ளன. எம்எஸ்எஃப் என்று முடியும் பைல்கள் வெறும் அட்டவணைகள். கெட்டாலும் மீண்டும் உருவாகும். துணைப் பெயர் எதுவும் இல்லாத பைல்கள்தான் கடிதங்கள். "தேவையில்லாத பைல்" என்று இவற்றைத்தான் சிலர் அழித்துவிடுகின்றனர்.

இந்த பைல்களில் பாஸ்வேர்ட்களும் சேர்ந்தே இருக்கும். எனவே வெளி ஹார்ட் டிஸ்க்கை யாரிடமும் இரவல் தர வேண்டாம்.

ஆண்ட்ராய்ட் போனில் தண்டர்பேர்ட் பதிந்தவர்கள், டூல்ஸ் மெனுவில் எக்ஸ்போர்ட் பார் மொபைல் என்ற பிரிவைத் திறந்து, திரையில் தோன்றும் க்யூஆர் கோடை போனில் ஸ்கேன் செய்தால் அக்கவுண்ட் அமைப்புகள் மட்டும் போய்ச் சேரும். லோக்கல் போல்டர்ஸில் உள்ளவை போகாது. அவை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இருக்கும்.